மண்டபம் நமது, விளக்கைத் தெரிவு செய்வோர் யார்?

யாழ்ப்பாணத்திலே இந்திய அரசின் நன்கொடையாக எழுந்து நிற்கும் பண்பாட்டு மையத்துக்கு 2025ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, ஊரின் பெயர் எங்கே போயிற்று என்று பெரும் வாதம் எழுந்தது. அவ்வாதம் நியாயமானதே. பின்னர் யாழ்ப்பாணம் என்ற சொல்லும் அப்பெயரிலே இடம்பெற்றது. பெயர் என்பது உரிமையின் முதலெழுத்து; அதை விட்டுக்கொடுக்கும் மக்கள் மற்றெழுத்துக்களையும் விட்டுக்கொடுப்பர்.

ஆனால் அந்த மையத்தினுள்ளே அறுநூறு இருக்கைகள் கொண்ட அரங்கொன்று உண்டு. அதன் மேடைக்கு மேலே தொங்குவன எத்தகைய விளக்குகள், அவற்றைத் தெரிவு செய்தவர் யார், பழுதுபட்டால் திருத்துவோர் யார் என்று நாம் கேட்டோமா? இல்லை. பெயர்ப்பலகையைப் பார்த்த கண் மேடையை அண்ணாந்து பார்க்கவில்லை. இக்குற்றத்தை முதலில் நமது தலையிலே ஏற்றுக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். அந்த ஒரு மண்டபத்தைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. வடக்கிலும் கிழக்கிலும் நகரசபைகளும் பிரதேச சபைகளும் பாடசாலைகளும் மண்டபம் கட்டுகின்றன, கட்டியவற்றைப் புதுப்பிக்கின்றன. அவை அனைத்துக்கும் பொருந்தும் ஒரு கேள்வியையே இங்கு எழுப்புகிறோம்.

காணியுரிமையும் மொழியுரிமையும் பேசவேண்டிய பத்திரிகையில் மேடை விளக்குக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். தன்னாட்சி கேட்கும் மக்கள், தம் ஊர்ப் பொதுப்பணத்தில் வாங்கும் பொருளைத் தாமே ஆராய்ந்து தெரியும் ஆற்றலைக் காட்டவேண்டும். அதைக் காட்டாதவரை, நாடாளுமன்றத்திலே நாம் கேட்கும் பெரிய அதிகாரத்துக்கு ஊரிலே சான்று இல்லை. சோலைவரி கட்டும் கமக்காரருக்கும் சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் இதிலே சமபங்கு உண்டு.

அசையும் விளக்கு என்பது யாது? பழைய மேடை விளக்கு ஒரே இடத்தை நோக்கி நிற்கும். அதைத் திருப்ப ஒருவர் ஏணியில் ஏறவேண்டும்; நிறத்தை மாற்ற நிறத்தாளை மாற்றவேண்டும். தொழில் செய்வோர் 'மூவிங் ஹெட்' என்றழைக்கும் அசையும் விளக்கோ தன்னுள்ளிருக்கும் சிறு மோட்டார்களால் தானே திரும்பும். ஒளிக்கற்றையை விரிக்கும், சுருக்கும். நிறத்தையும் உருவத்தையும் மாற்றும். கீழே ஒரு மேசையின் முன் அமர்ந்திருக்கும் ஒருவர் அத்தனையையும் ஆளலாம். ஒன்று பத்து விளக்கின் வேலையைச் செய்யும் என்று விற்பவர் சொல்வது முழுப் பொய்யன்று. ஆனால் ஒரே நேரத்தில் அது ஓரிடத்தையே ஒளியூட்டும் என்பதை அவர் சொல்வதில்லை.

இவ்விளக்குக்குப் புகழ் தந்தது நாடக மேடையன்று. அமெரிக்காவின் டலஸ் நகரத்து நிறுவனமொன்று ஆக்கிய 'வேரி-லைற்' விளக்குகள், 1981ஆம் ஆண்டு ஜெனசிஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் கச்சேரியில், பார்சிலோனா நகரின் காளைப்போர் அரங்கிலே முதன்முதல் பொதுமக்கள் முன்னிலையில் ஒளிர்ந்தன. ஆக்கியோர் அவற்றை நெடுங்காலம் எவருக்கும் விற்கவில்லை; வாடகைக்கே விட்டனர். கருவி கலைஞனின் மேடையில் இருந்தது. அதன் உடைமையும் இரகசியமும் வேறொருவர் கையில் இருந்தன. மறுபுறத்தில், 1986ஆம் ஆண்டு அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப அமைப்பொன்று 'டீ.எம்.எக்ஸ். 512' என்ற பொது நியமத்தை வகுத்தது. ஒளிகுறைப்புக் கருவிகளுக்கென வகுக்கப்பட்ட அந்நியமம் காலப்போக்கில் அசையும் விளக்குகளுக்கும் பொதுமொழியாயிற்று. ஒருவர் செய்த விளக்கை மற்றொருவர் செய்த மேசையால் ஆள வழி பிறந்தது. பொதுமொழி இருக்கும் இடத்திலே சிறியவனும் பேரம் பேசலாம் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமா?

கச்சேரியிலே வளர்ந்த விளக்காதலால், அதன் விளம்பரங்கள் கச்சேரியின் மொழியையே பேசும். எத்தனை லூமன் ஒளி, எத்துணை வேகம், எத்தனை உருவத்தகடு என்று பெரிய எழுத்தில் அச்சிடுவர். நாடக மேடை கேட்பதோ வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுமண்டபத்திலே நாடகம் பார்க்கச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் இங்கே வேண்டா. காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயொருத்தி தனியே இருந்து பேசும் காட்சி. மேடைக்கு மேலே புத்தம்புதிய அசையும் விளக்குகள் எட்டுத் தொங்கின. எட்டின் காற்றாடிகளும் ஒருங்கே இரைந்தன. தாயின் மெல்லிய குரல் ஆறாம் வரிசையைத் தாண்டவில்லை. ஒளி மங்கவேண்டிய இடத்தில் அது படிப்படியாகத் துள்ளித் துள்ளி இறங்கி, முடிவில் பட்டென்று அறுந்தது. சபையிலே சிலர் சிரித்துவிட்டனர். மறுநாட் காட்சிக்கு நெறியாளர் அந்த எட்டையும் அணைத்துவிட்டு, ஊர் ஒலிபெருக்கிக்காரரிடம் நான்கு பழைய விளக்குகளை வாடகைக்கு வாங்கினார்.

அடுத்த ஆண்டு அங்கே போனபோது, எட்டில் இரண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. திறந்து பார்க்க ஊரிலே ஆளில்லை. கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. விற்றவர் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பும் செலவுக்கு ஒதுக்கீடு இல்லை. ஏன் இவற்றைத் தெரிந்தீர்கள் என்று பொறுப்பாளரைக் கேட்டோம். கேள்விப்பத்திரம் தந்தோருள் ஒளி மிகுந்ததும் விலை குறைந்ததும் இதுவே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பணம் எடுத்தவருமல்லர். விதிப்படி நடந்தார். கேட்கவேண்டிய கேள்விகள் விதியிலே இல்லை. அவற்றை எழுதிக் கொடுக்க ஊராரும் முன்வரவில்லை.

ஆகவே அக்கேள்விகளை இங்கே எழுதுகிறோம்.

முதற் கேள்வி, இம்மேடையில் நடக்கப்போவது என்ன என்பது. மட்டக்களப்பின் கூத்து வட்டக்களரியிலே, சுற்றிவரச் சபையிருக்க ஆடப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டு 'கர்ணன் போர்', 1964ஆம் ஆண்டு 'இராவணேசன்' எனப் பேராதனையிலே கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, ஒளியும் அதற்கேற்பப் புதிதாகச் சிந்திக்கப்படவேண்டியதாயிற்று. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. அத்தகைய நாடகத்துக்கு வேண்டுவது சுழலும் கதிரன்று. முகத்திலே நிலைத்து நிற்கும் ஒளி. பரதமும் இசைவிழாவும் பரிசளிப்பும் நடக்கும் மண்டபத்துக்குத் தேவை வேறு. இந்த ஆண்டு இம்மேடையில் எத்தனை நாடகம், எத்தனை கூத்து, எத்தனை கூட்டம் என்ற கணக்கை எடுத்த பின்னரே விலைப்பட்டியலைத் திறக்கவேண்டும்.

இரண்டாவது, முகத்தின் நிறம். வெள்ளொளி தரும் எல்.ஈ.டி. விளக்கில் செந்நிறக் கூறு குறைந்தால், நமது மாநிறமும் கருநிறமும் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும், குங்குமம் மங்கும், கூத்தரின் செம்பட்டு அழுக்குப் படிந்ததாய்த் தெரியும். நிறங்களை உள்ளவாறு காட்டும் திறனை 100ஐ உச்சமாகக் கொண்ட சுட்டெண்ணால் அளப்பர். உற்பத்தியாளர் சிலர் ஒரே விளக்கையே இருவகையாக விற்கின்றனர்: ஒன்றில் ஒளி மிகுதி, சுட்டெண் 70 அளவில் நிற்கும், மற்றதில் ஒளி சற்றுக் குறைவு, சுட்டெண் 90ஐத் தாண்டும். அதிக லூமன் கேட்பவருக்கு முதல்வகையே வந்து சேரும். இன்னொரு நுட்பமும் உண்டு. அச்சுட்டெண்ணின் சராசரியிலே ஆழ்ந்த சிவப்பு சேர்வதில்லை. அதற்கு 'ஆர்-9' என்ற தனியெண் உண்டு. அதைத் தனியே கேட்டு எழுத்தில் பெறவேண்டும்.

மூன்றாவது, மௌனம். காற்றாடியின் இரைச்சலைத் தணிக்கும் அமைதி நிலை பல விளக்குகளில் உண்டு. ஆனால் அந்நிலையில் ஒளியும் குறையும். அமைதி நிலையிலே எவ்வளவு ஒளி என்பதே நாடகக்காரர் கேட்கவேண்டிய எண்.

நான்காவது, மங்கும் திறன். பத்து வினாடியில், முப்பது வினாடியில், துள்ளாமல் இருளுக்குள் இறங்கவேண்டும். எல்.ஈ.டி. ஒளி மிக விரைவாக அணைந்தெரிந்தே மங்குகிறது. அந்த விரைவு போதாவிடில் ஒளிப்பதிவில் கோடுகளும் துடிப்பும் விழும். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினருக்கு நேரலை அனுப்பும் இக்காலத்திலே இது சிறிய குறையன்று.

ஐந்தாவது, ஒளியை வெட்டும் தகடுகள். நான்கு புறமும் தகடு கொண்ட விளக்கு, ஒளி திரையிலும் தூணிலும் சிந்தாமல் வேண்டிய இடத்தை மட்டும் காட்டும். நாடகத்துக்கு இவ்வகையே பயன் மிகுந்தது. கதிர்வீசும் வகை கச்சேரிக்கே உரியது.

இனி, கமக்காரர் நன்கறிந்த கேள்விகளுக்கு வருவோம். நீரிறைக்கும் இயந்திரம் வாங்கும் கமக்காரர் குதிரைவலுவை மட்டும் பார்த்தா வாங்குகிறார்? கிணறு எத்தனை முழம், ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும், உதிரிப்பாகம் சுன்னாகத்தில் கிடைக்குமா, பழுதானால் திருத்த ஊரிலே ஆள் உண்டா என்று அத்தனையும் விசாரித்த பின்னரே மடியை அவிழ்க்கிறார். அவருடைய அந்த விவேகம் சபை மண்டபத்தின் வாசலிலே ஏன் நின்றுவிடுகிறது?

கணக்கைப் பாருங்கள். தகடுள்ள அசையும் விளக்கொன்று 35 கிலோ என்று வைப்போம். பன்னிரண்டு தொங்கினால் 420 கிலோ. எட்டுக் கிலோ அளவினதான பழைய விளக்குகளுக்கென அமைத்த குழாய் அதைத் தாங்குமா? நடிகரின் தலைக்கு மேலே தொங்கும் பாரம் அது. பொறியியலாளரின் கையொப்பமும், ஒவ்வொரு விளக்குக்கும் தனியான காப்புக் கம்பியும் இன்றி ஒன்றையும் ஏற்றலாகாது. ஒவ்வொன்றும் 900 வாற் மின்சாரம் கொண்டால் பன்னிரண்டுக்கும் 10.8 கிலோவாற் வேண்டும். மண்டபத்தின் மின்பிறப்பாக்கி அதை ஏற்குமா? ஒரு தொடரிலே 512 வழிகளே உண்டு. விளக்கொன்று 45 வழிகளை எடுத்தால் பதினொன்றுடன் தொடர் நிறைந்துவிடும். பன்னிரண்டாவதற்கு இரண்டாவது தொடர் வேண்டும். பழைய மேசையால் அது இயலுமா? விளக்கின் விலையை மட்டும் பார்த்தவர் இச்செலவுகளைப் பின்னர் காண்பார்.

காலநிலையோ இன்னும் கடுமையானது. உப்புக்காற்றும் செம்மண் தூசியும் காற்றாடிக்குள் புகும். புகைக்கருவியின் பிசுக்கு அத்தூசியை ஒட்டவைக்கும். வடிகட்டியை மாதந்தோறும் துடைக்க ஒருவருக்குச் சம்பளம் எழுதாமல் அசையும் விளக்கு வாங்குவது, வைக்கோல் வாங்காமல் மாடு வாங்குவதாகும். 2022ஆம் ஆண்டை மறந்தோமா? நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றி, எரிவாயுக் கப்பலே கரையேறாமல் காத்து நின்றது. அத்தகைய ஆண்டிலே ஒரு மோட்டாருக்கோ மின்சுற்றுப் பலகைக்கோ வெளிநாட்டை நோக்கி யார் காத்திருப்பர்? வாங்கும் நாளிலேயே உதிரிப்பாகப் பெட்டியொன்றையும் சேர்த்து வாங்குவதே விவேகம். பழைய வாயுக்குமிழ் அசையும் விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன என்ற ஆசைக்கும் இடங்கொடுக்கவேண்டா. அக்குமிழை மின்சாரத்தால் முற்றாக மங்கச் செய்ய இயலாது, தகட்டால் மறைக்கவேண்டும். மேடை இருண்டிருக்கும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும். குமிழுக்குள் பாதரசமும் உண்டு.

இவை தொழில் வல்லாரின் காரியம். பொதுமக்கள் குரலெழுப்பி என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு வரலாற்றைச் சொல்வோம். 2018ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணைக்குழு மின்சிக்கனத்துக்காக விதிகளை வரைந்தது. ஒரு வாற்றுக்கு 85 லூமன் ஒளி வேண்டும், சும்மா நிற்கும்போது அரை வாற்றுக்கு மேல் உண்ணலாகாது என்பன அவ்வரைவின் அளவுகள். வீட்டுக்கும் தெருவுக்கும் அது நல்ல விதியே. ஆனால் மேடையின் தங்ஸ்தன் விளக்கு முதலளவை எட்டாது. மோட்டாரும் கணிப்பொறியும் உள்ளே கொண்ட அசையும் விளக்கு இரண்டாவதை எட்டாது. சிறிய அரங்குகள் பல இருளும் நிலை வந்தது. பிரித்தானியாவின் ஒளியமைப்பாளர் சங்கம் முன்னின்று 'மேடை ஒளியைக் காப்போம்' என்ற இயக்கத்தை நடத்தியது. அவர்கள் சிக்கனத்தை எதிர்க்கவில்லை. எந்த விளக்கு, ஏன் இயலாது, எத்தகைய விலக்கு வேண்டும் என்று கணக்குடன் எழுதினர். கலைஞரும் அரங்கினரும் சேர்ந்து நின்றனர். 2019ஆம் ஆண்டு விதி நிறைவேறியபோது மேடை விளக்குகளுக்கு விலக்குகள் அதிலே இடம்பெற்றன. 2021ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி விதி நடைமுறைக்கு வந்தது. நுணுக்கம் அறிந்த சிறு கூட்டம், ஒன்றுபட்டு நின்றால், இருபத்தெட்டு நாடுகளின் விதியையும் திருத்தலாம். ஒரு பிரதேச சபையின் கேள்விப்பத்திரத்தைத் திருத்த நம்மால் முடியாதா?

சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்வோம். கொள்வனவின் வெற்றி தோல்வி விலையைத் திறக்கும் நாளிலே தீர்மானமாவதன்று. தேவை விவரத்தை எழுதும் நாளிலேயே தீர்மானமாகிறது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளை அப்படியே பெயர்த்தெழுதினால், அந்நிறுவனமே வெல்லும், விதியும் மீறப்படாது. அதைத் தடுக்கும் வழி, பொருளின் பெயரையன்றி அது செய்யவேண்டிய காரியத்தை எழுதுவதே. 'சிவப்பு இவ்வளவு, இரைச்சல் இவ்வளவுக்கு மேற்படலாகாது, இத்தனை ஆண்டு உத்தரவாதம், திருத்துவோர் இத்தனை நாளில் ஊருக்கு வரவேண்டும்' என்று எழுதினால், மலிவுப்பொருள் தானே விலகும். பின்னர், விலைமனுக் கொடுத்தோர் தத்தம் விளக்கொன்றை அதே மண்டபத்திலே அருகருகே தொங்கவிடட்டும். வேடம் புனைந்த நடிகரொருவர் அதன் கீழ் நிற்கட்டும். சபையிலே அமைதி நிலவட்டும். கண்ணும் காதும் உள்ள எவரும் ஒரு மாலையில் உண்மையை அறிவர்.

தகவலறியும் உரிமை நமது கையில் உண்டு. அரசியலமைப்பின் 14அ உறுப்புரையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமும் அதை நமக்கு அளித்துள்ளன. தேவை விவரம் எது, மதிப்பிட்டோர் யார், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று எந்தச் சபையையும் எழுத்தில் கேட்கலாம். பதினான்கு வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தை அறிவிக்கக் கடமைப்பட்டவர். வழக்குப் போடவேண்டியதில்லை; ஒரு கடிதம் போதும்.

இரண்டு மறுப்புக்களுக்கு விடை சொல்லவேண்டும். வெங்காயத்துக்கு விலையில்லாத ஊரிலே விளக்குக்கு ஏன் இத்தனை பேச்சு என்பர் சிலர். வெங்காயத்துக்கு விலையில்லாததனாலேயே, அவ்வூரின் பணம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும் எட்டு விளக்குகளில் போகலாகாது என்கிறோம். சிறிய கிராம மண்டபத்துக்கு அசையும் விளக்கே வேண்டியதில்லை. நல்ல நிலைவிளக்குகள் இருபதும், அவற்றை அறிந்த இளைஞர் இருவரும் இருந்தாற் போதும். பெரிய மண்டபமும் மலிவான எட்டுக்குப் பதிலாக நல்ல நான்கை வாங்கட்டும். மிச்சத்தை உதிரிப்பாகத்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கட்டும்.

நன்கொடையாகத் தருவதைக் கேள்வி கேட்பது நன்றியீனம் என்பர் வேறு சிலர். தருபவரின் நோக்கம் நல்லதாயின், பயன்படுத்துவோரைக் கேட்டுத் தருவதிலே அவருக்கு என்ன இழப்பு? கேளாமல் தந்த பொருள் பழுதுபட்டுத் தொங்கும்போது, தந்தவருக்கும் அது புகழன்று.

எனவே நாம் வேண்டுவன இவை. பொதுமண்டபத்துக்கு விளக்கு வாங்கும் ஒவ்வொரு குழுவிலும் நாடக நெறியாளர் ஒருவரும், கூத்து அண்ணாவியார் ஒருவரும், மின்வேலை அறிந்தவர் ஒருவரும் இருக்கவேண்டும். மண்டபத்திலே ஒப்புநோக்கிப் பாராமல் ஒன்றையும் வாங்கலாகாது. இயக்கும் முறையும் பராமரிக்கும் முறையும் தமிழிலே எழுதித் தரப்படவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகம் பயிலும் பிள்ளைகள் அவ்விளக்குகளைத் தொட்டுப் பழக நாள் ஒதுக்கப்படவேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கேனும் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. அரசியலமைப்புத் திருத்தமும் வேண்டியதில்லை. சபை உறுப்பினரின் வாசலுக்கு நாலு பேர் சேர்ந்து போனாற் போதும். தமிழ் மக்களே! அடுத்த மாதம் உங்கள் ஊர் மண்டபத்துக்குப் போகும்போது ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். மேலே தொங்குவது எது, அதைத் தெரிவு செய்தது யார் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கேட்பதை நிறுத்தாதீர்கள்.